வரம்பில் நின்று அளந்த உயரம்

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் விவசாயப் போதனாசிரியர்களான உங்களுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். நல்ல வார்த்தை என்னிடம் குறைவு. கோபம்தான் மிச்சம் இருக்கிறது. ஓய்வுபெற்றால் எல்லாம் ஆறிவிடும் என்று வீட்டில் சொன்னார்கள். காலையில் தேத்தண்ணீர்க் கோப்பையோடு உட்காரும்போதும் எனக்கு மாரி மழையோடு விதைத்த அந்த இரண்டு பெரும்போகங்கள்தான் ஞாபகம் வருகின்றன. ஆகவே அதையே எழுதுகிறேன். உங்களுக்கு உபயோகப்பட்டால் சரி.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு புத்தளத்துக்கு வந்த குடும்பம் எங்களுடையது. வாப்பாவின் வயல் அங்கே காடாகிப் போனது. நான் இங்கே போதனாசிரியராக மற்றவர்களுடைய வயல்களில் இறங்கி வேலை செய்து சம்பளம் வாங்கினேன். பாலாவியிலிருந்து உள்ளே போகும் குளத்து வயல்களிலிருந்து உடப்புப் பக்கத்தில் கடல்நீர் தேங்கும் களப்போரம் வரை வயல் செய்யும் கமக்காரர் எல்லோருக்கும் நான் ‘மிஸ்’. என் பெயர் பாதிப்பேருக்குத் தெரியாது. அதில் எனக்குக் குறை இல்லை.

அரசாங்கம் இரசாயன உரத்தைத் தடைசெய்து உரம் இல்லாமல் போன அந்தப் பெரும்போகம் உங்களுக்கும் நினைவிருக்கும். நீங்கள் அப்போது படித்துக்கொண்டிருந்திருப்பீர்கள். நாங்கள் வயலில் நின்றோம். முழங்கால் உயரத்தில் மஞ்சள் பூத்து நின்ற பயிரைப் பார்த்துப் பெரிய மனுசர்கள் அழுததை நான் கண்டேன். கதிர் வந்தது, உள்ளே மணி இல்லை. சாப்பாட்டுக்கே போதாத இடத்தில் விதைநெல்லை யார் எடுத்து வைப்பது? அடுத்த பெரும்போகம் வந்தபோது பாலாவிப் பக்கத்து ஒரு குளத்தின் கீழ் வயல் செய்த எவரிடமும் நம்பி விதைக்கக்கூடிய நெல் கிடையாது.

நான் அலைந்து திரிந்து குட்டையாக வளரும் நல்ல கட்டை இனம் ஒன்றில் சில மூடை விதை எடுத்தேன். அதைப் பங்குபோட்டால் ஆளுக்கு ஒரு கைப்பிடிதான் வரும். ஆகவே முழுவதையும் ஒரே வயலில் விதைத்து, விளைவதை அடுத்த போகத்துக்கு எல்லோருக்கும் விதையாகக் கொடுப்பது என்று கமக்காரர் அமைப்பில் முடிவாயிற்று. அமைப்பின் தலைவர் காசிம் நானா. ஐம்பது வயதைத் தாண்டியவர், ஊரில் சொல்லுக்கு மதிப்புள்ளவர். தன் வயலைத் தருவதாக அவராகவே சொன்னார்.

இந்த இடத்தில் உங்கள் பாடத்தைக் கொஞ்சம் ஞாபகப்படுத்துகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பயிர் வெயிலிலும் மண்ணிலும் தேடுகிற சாப்பாட்டுக்கு ஒரு அளவு உண்டு. அதைத் தண்டுக்குச் செலவழித்தால் மணிக்குக் குறையும். நெட்டைப் பயிர் வைக்கோல் தரும். கட்டைப் பயிர் நெல் தரும். உரம் போட்டால் நெட்டை இன்னும் வளர்ந்து, கதிர் பாரம் ஏறியதும் சாயும். கட்டை சாயாது. பனி பெய்கிற நாடுகளில் குளிர்காலத்துக்கு முன்பே விதைக்கிற கோதுமையிலும் இதே கதைதான் என்று ஒரு பயிற்சியில் சொல்லித் தந்தார்கள். தண்டைக் குறைத்தார்கள், விளைச்சல் ஏறியது. இன்னும் குறைத்தார்கள், விளைச்சல் இறங்கத் தொடங்கியது. ஏனென்றால் அளவுக்கு மீறிக் கட்டையாக்கினால் இலைகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து வெயில் உள்ளே போகாது, களை மேலே வந்துவிடும். அந்தப் பயிற்சியில் எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தவர்தான் பிறகு எனக்கு மேலதிகாரியாக வந்தவர். கேட்டுக்கொண்டுதான் இருந்தார். முதல் பாதியை மட்டும் கேட்டாரா, இரண்டாவது பாதியை மட்டும் கேட்டாரா, ஒன்றையும் கேட்கவில்லையா என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

காசிம் நானாவின் வயலுக்குப் பக்கத்து வயல், பட்டணத்தில் லொறிகள் வைத்திருக்கும் ஒரு ஹாஜியாருடையது. அவர் விதைத்தது ஒரு நெட்டை இனம். ஒரு பயிர்மருந்துக் கம்பனி அந்த வயலைத் தன் மருந்தைக் காட்டும் மாதிரி வயலாக எடுத்துக்கொண்டது. மறுபடியும் கிடைக்கத் தொடங்கியிருந்த யூரியாவும் போட்டு, அதற்குமேல் ‘வளர்ச்சி மருந்து’ என்று ஒன்றையும் அடித்தார்கள். தண்டை இழுத்து நீட்டுகிற மருந்து அது. பயிர் கடும்பச்சையாக, ஒரு ஆளின் நெஞ்சளவுக்கு வளர்ந்தது. போன போகம் மஞ்சள் புல்லைப் பார்த்து அழுத சனத்துக்கு அந்தப் பச்சையும் உயரமும் எப்படித் தெரிந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பின்னேரங்களில் குடும்பத்தோடு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்களை நான் குறைசொல்ல மாட்டேன்.

நான் குறைசொல்வது எங்கள் பெரியவரை. மேலதிகாரியை அப்படித்தான் நாங்கள் அழைப்போம். அவர் அந்த வயலில் ஒரு வயல்விழா வைத்தார். கூடாரம், ஒலிபெருக்கி, படம் பிடிக்கிற ஆள், கம்பனியின் தொப்பி. கம்பனிக்காரரும் அவரும் வரம்பில் நின்று நெற்பயிரின் தலையில் கையை வைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். சப்பாத்தில் சேறு படவில்லை. பிறகு ஒலிவாங்கியை என்னிடம் தந்து, இப்பகுதிப் போதனாசிரியர் என்ற முறையில் இந்த இனத்தையும் மருந்தையும் பற்றி நாலு வார்த்தை பேசச் சொன்னார்.

நான் பேசினேன். உங்கள் முன்னால் நிற்பது நல்ல வைக்கோல், நெல் எவ்வளவு என்பதை அறுத்த பிறகு சொல்கிறேன் என்றேன். சனம் சிரித்தது. பெரியவர் சிரிக்கவில்லை. ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டு, சிலபேர் பழைய புத்தகத்தையே படித்துக்கொண்டிருக்கிறார்கள், கண்ணுக்கு முன்னால் இருப்பதைப் பார்க்கத் தெரியவில்லை என்றார். அதற்கும் சனம் சிரித்தது. அதோடு நிற்காமல், கம்பனிக்காரர் மிச்ச மருந்தை இலவசமாகத் தருவதாகவும், பக்கத்து விதைநெல் வயல் பாவம் போலக் கட்டையாக நிற்கிறதென்றும், அதற்கும் இன்றைக்கே அடித்து ஒருமுறை யூரியாவும் போட்டால் அது நிமிர்ந்துவிடும் என்றும் அறிவித்தார்.

காசிம் நானாவின் பயிர் அப்போது குடலைப் பருவத்தில் இருந்தது. கதிர் தண்டுக்குள் உருவாகி, வெளியே வருவதற்காகத் தண்டு பருக்கிற நேரம். அந்த நேரத்தில் தண்டை இழுத்து நீட்டினால் உள்ளே பலம் இருக்காது. தை மழை வேறு இருக்கிறது. நான் பெரியவரைக் கூடாரத்துக்குப் பின்னால் கூட்டிக்கொண்டுபோய் இதையெல்லாம் சொன்னேன். அது ஒருவருடைய வயல் அல்ல, ஒரு குளத்தின் முழு விதை என்றும் சொன்னேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“மிஸ், சனத்துக்கு நம்பிக்கை குடுக்கிற நேரம் இது. உயரத்தப் பாத்தாத்தான் அதுகளுக்கு நம்பிக்கை வரும்.”

“சேர், நம்பிக்கைய அவிச்சுத் தின்ன ஏலாது.”

அவர் திரும்பி நடந்தார். மருந்துக் கலன்களை காசிம் நானாவின் வரம்பில் இறக்கச் சொல்லிவிட்டு வாகனத்தில் ஏறிப் போனார்.

இனி எனக்கும் காசிம் நானாவுக்கும்தான் வழக்கு. பெரியவரோடு சண்டைபிடிப்பது லேசு. காசிம் நானா கெட்டவர் அல்லர், முட்டாளும் அல்லர். நான் சொன்ன காரணங்களையெல்லாம் தலையைக் குனிந்தபடி கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னார்:

“நீங்க சொல்றது சரியா இரிக்கும் மிஸ். ஆனா பள்ளிக்குத் தொழப் போற வழியெல்லாம் எண்ட வயலப் பாத்துச் சிரிக்கிறாங்க. அமைப்புத் தலைவர்ட பயிரு இடுப்புக்கும் வருதில்லையாம். இண்டைக்கு ஒலிபெருக்கியிலயும் சொல்லிட்டாங்க.”

அந்த மனுசருடைய முகத்தை நான் பார்த்தேன். மறுத்தால் நான் வீட்டுக்குப் போனதும் அவர் மருந்தை அடிப்பார். சம்மதித்தால் முழு விதையும் போகும். நிற்கிற நேரம் இல்லை; மருந்து வரம்பில் இருக்கிறது, அடிக்கிற இயந்திரத்தோடு ஆட்கள் நிற்கிறார்கள். அந்த வயலின் நடுவில் ஒரு குறுக்கு வரம்பு ஓடியது. நான் அதைக் காட்டினேன்.

“நானா, ரோட்டுப் பக்கத்துப் பாதிய நீங்க விரும்பினத செய்யுங்க. கொளத்துப் பக்கத்துப் பாதியத் தொடாதீங்க. அது உங்கட நெல்லு இல்ல, ஊர்ட விதை. அத மட்டும் அல்லாவுக்காக விட்டிடுங்க.”

அவர் ரோட்டுப் பக்கம் ஒருதரம் பார்த்தார். சிரிக்கிறவர்கள் ரோட்டில்தானே போகிறார்கள். ரோட்டுப் பக்கம் உயர்ந்து நின்றால் அவருக்குப் போதும். சரி என்றார். சொன்ன சொல்லையும் காப்பாற்றினார். ரோட்டுப் பக்கத்துப் பாதிக்கு மட்டும் மருந்தும் யூரியாவும் போயின.

பிள்ளைகளே, இதை நான் கெட்டித்தனமாகச் சொல்லவில்லை. முழுவதையும் காப்பாற்ற முடியாத நேரத்தில் எந்த வரம்பில் போய் நிற்பது என்று நீங்களும் ஒருநாள் முடிவெடுக்க வேண்டிவரும். அப்போது எல்லாம் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து எல்லாவற்றையும் விட்டுவிடாதீர்கள். இதைச் சொல்லிவிட்டு இன்னொன்றும் சொல்கிறேன். பாதியைக் காப்பாற்றியதற்காக யாராவது என்னைப் பாராட்டினால் எனக்கு ஆத்திரம்தான் வரும். மற்றப் பாதியை ஏன் விட்டுக்கொடுக்க வேண்டி வந்தது என்று ஒருவரும் கேட்பதில்லை.

கொஞ்ச நாளில் ரோட்டுப் பக்கத்துப் பாதி ஒரு சாண் எழும்பியது. காசிம் நானா என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். முகத்தில் அப்படி ஒரு சந்தோசம். ரோட்டில் போன ஒருவர் சைக்கிளை நிறுத்தி, இப்பதான் தலைவர்ட வயல் மாதிரி இரிக்கி என்றார். நான் ஒரு தண்டைப் பிடித்து விரலால் அமத்தினேன். உள்ளே பலமில்லாமல் வெறும் கோறையாக இருந்தது. அவருடைய சந்தோசத்தைக் கெடுக்க மனம் வராமல், தண்ணீரைக் குறைத்து வையுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

தை மழை கதிர் முற்றுகிற நேரத்தில் வந்தது. கடலிலிருந்து வந்த காற்றோடு வந்தது. மழை விட்ட காலையில் நான் ஸ்கூட்டரைப் பாதி வழியில் விட்டுவிட்டு நடந்துதான் போனேன். ஹாஜியாரின் வயல் பாய் விரித்தது போலப் படுத்துக் கிடந்தது. ஒரு தண்டு நிற்கவில்லை. கதிர்கள் தண்ணீருக்குள். காசிம் நானாவின் ரோட்டுப் பாதியும் அப்படியே. குறுக்கு வரம்புக்கு அந்தப் பக்கம், குளத்துப் பாதி, தலை குனிந்து கனத்து, நனைந்து, நின்றுகொண்டிருந்தது.

காசிம் நானா வரம்பில் குந்திக்கொண்டிருந்தார். அவர் மனைவி நஸீமா சேற்றுக்குள் இறங்கி, சாய்ந்த பயிரை நாலைந்து தூரை ஒரு முடியாகச் சேர்த்துத் தூக்கி வைக்கோலால் கட்டி நிறுத்தப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டிய முடிகள் கையை எடுத்ததும் திரும்பவும் சாய்ந்தன. நானும் இறங்கினேன். சாய்ந்த முடிகளைத் திரும்பவும் கட்டினோம். பிறகு நஸீமா நிமிர்ந்து புருசனைப் பார்த்துக் கேட்டார்:

“சிரிச்சவங்கள்ல ஒருத்தராவது கட்ட வந்தாங்களா?”

காசிம் நானா எழுந்தார். சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தானும் சேற்றில் இறங்கினார்.

நான் அங்கிருந்தே பெரியவருக்குத் தொலைபேசி எடுத்தேன். ஒருதரம் வந்து பாருங்கள், ஒரே வயல், ஒரே மழை, நடுவில் ஒரு வரம்பு, இதைவிடப் பெரிய வயல்விழா உங்களுக்குக் கிடைக்காது என்றேன். பாதையில் தண்ணீர் நிற்பதாகச் சொன்னார். தண்ணீர் வடிந்த பிறகும் வரவில்லை. கம்பனிக்காரர் தொலைபேசியை எடுக்கவே இல்லை. சாய்ந்த நெல் கதிரிலேயே முளைத்தது. அது விதைக்கும் ஆகாது, சோற்றுக்கும் ஆகாது. நஸீமா அதைக் கோழிகளுக்கு அள்ளிப் போட்டதைப் பார்த்தேன். பெரியவர் மேலே அனுப்பிய விளக்கம் மட்டும் இரண்டே சொல்லில் இருந்தது: இயற்கை அனர்த்தம்.

மழைக்கு வாய் இல்லை. இருந்திருந்தால் கேட்டிருக்கும், வரம்புக்கு அந்தப் பக்கமும் நான்தானே பெய்தேன் என்று.

குளத்துப் பாதியில் விளைந்தது நல்ல விளைச்சல். ஆனால் பாதிதான். விதையைப் பங்கிட்டபோது சில குடும்பங்களுக்கு வரவில்லை. யாருக்கு இல்லை என்று சொல்வதென்ற அந்த வேலையை காசிம் நானா தன் தலையில் எடுத்துக்கொண்டார். தனக்கென்று அவர் ஒரு பிடி விதையும் எடுக்கவில்லை. அடுத்த போகம் அவர் வயல் தரிசாகக் கிடந்தது. பள்ளிக்குப் போகும்போது அவர் வேறு வழியால் சுற்றிப் போவதாக நஸீமா என்னிடம் சொன்னார்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். அனுபவத்தில் ஒருவர் பாடம் படிப்பதுண்டு. எங்கள் பெரியவரும் படித்தார். அவர் படித்தது என்ன தெரியுமா? நெட்டை கூடாது. கட்டைதான் சரி.

அடுத்த பெரும்போகம் தொடங்குமுன் உத்தரவு வந்தது. எல்லா வயலிலும் கட்டை இனம்தான் விதைக்க வேண்டும். வேறு இனம் விதைப்பவர்களுக்கு உர உதவி கிடையாது. நான் பல வருசமாகச் சொல்லிவந்ததையே அவர் உத்தரவாகப் போட்டிருக்கிறார், எனக்குச் சந்தோசமாக இருக்க வேண்டும் என்று என்னோடு வேலை செய்தவர்கள் நினைத்தார்கள். நான் அந்த உத்தரவை வாசித்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது சரஸ்வதி அக்காவின் வயல்.

சரஸ்வதி அக்கா உடப்பைச் சேர்ந்தவர். புருசன் களப்பில் இறால் பிடிப்பவர். களப்போரமாக அவர்களுக்குப் பள்ளக்காணி ஒன்று உண்டு. அதன் பொறுப்பு முழுவதும் அக்காவுடையது. மாரி மழை கூடினால் களப்பு பொங்கி அந்த வயலுக்குள் ஏறும். களப்பு கடலோடு சேரும் முகத்துவாரத்து மணலை வெட்டிவிட்டுத் தண்ணீர் கடலுக்கு இறங்கும்வரை நிற்கும். லேசான உவரும் உண்டு. அந்தப் பக்கத்தார் தலைமுறையாக விதைத்துவருவது ஒரு நெட்டை இனம். பெரிய விளைச்சல் ஒன்றும் தராது. பாதி வைக்கோல்தான், அது மாட்டுக்குப் போகும். உரத்தைக் கூட்டினால் அதுவும் சாயும். ஆனால் தண்ணீர் ஏறினால் அது தலையை வெளியே வைத்துக்கொள்ளும். கட்டைப் பயிர் அந்த வயலில் இளசாக நிற்கும்போது தண்ணீர் ஏறினால் மூச்சடைத்துச் சாகும்.

இதைப் பெரியவருக்குத் தொலைபேசியில் சொல்லிப் பிரயோசனம் இல்லை என்று அலுவலகத்துக்கே போனேன். எனக்கு ஓய்வுக்குச் சில மாதங்கள்தான் இருந்தன. அவர் கதிரையில் சாய்ந்து சிரித்தார்.

“என்ன மிஸ் இது. போன முறை கட்டைதான் வேணும் எண்டு என்னோட சண்டை பிடிச்சது நீங்கதானே?”

“ஓம் சேர். அந்த வயலுக்கு.”

“வயலுக்கு வயல் கொள்கை மாத்த ஏலாது. மாவட்டத்துக்கு ஒண்டுதான்.”

“அப்ப களப்புக்கும் அந்த உத்தரவ அனுப்புங்க சேர். ஏறாம இரிக்கச் சொல்லுங்க.”

அவருடைய சிரிப்பு போய்விட்டது. ஒருமுறை, ஒரே ஒருமுறை, அந்த வயலுக்கு வந்து பாருங்கள் என்று கேட்டேன். தனக்கு ஒரு மாவட்டம் முழுவதும் பார்க்க இருக்கிறது என்றார். இத்தனைக்கும் அவருடைய அலுவலகத்திலிருந்து உடப்புக்கு பஸ்ஸில் போய் மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம்.

போன வருசம் அவர் நெட்டைக்காரர், இந்த வருசம் கட்டைக்காரர். நான் எதிர்த்தது நெட்டையை அல்ல என்பது அவருக்கு விளங்கவே இல்லை. வரம்பில் நின்றபடி வயலுக்குத் தீர்ப்புச் சொல்வதைத்தான் எதிர்த்தேன்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். உத்தரவை அப்படியே போய்ச் சொல்லிவிட்டால் என்மேல் பிழை வராது. வெள்ளம் வந்தால் மறுபடியும் இயற்கை அனர்த்தம். நான் ஓய்வு பெற்று வீட்டில் இருப்பேன். சரஸ்வதி அக்கா என்னை ஏசக்கூட மாட்டார். உத்தரவு என்றால் உத்தரவு என்று போய்விடுவார். அப்படி அவர் ஏசாமல் போவதை நினைத்தபோதுதான் எனக்குத் தாங்கவில்லை.

களப்போரத்துப் பள்ளக்காணிகளுக்கு நெட்டை இனமே பொருத்தம், அவற்றுக்கு உரம் கொடுக்கலாம், இது என் பொறுப்பு என்று நானே கையெழுத்து வைத்தேன். உரம் கொஞ்சமாகத்தான் போட வேண்டும் என்று அக்காவிடம் படித்துப் படித்துச் சொன்னேன். இந்த இனம் நிற்கும், ஆனால் ஆசைக்கு உரம் அள்ளிப் போட்டால் இதுவும் ஹாஜியாரின் வயல் மாதிரிப் பாயாக விரியும் என்றேன். அக்கம்பக்கத்தில் ஒரு குடும்பம் மட்டும் உத்தரவுக்குப் பயந்து கட்டை இனத்தை விதைத்தது. நான் போய்க் கெஞ்சினேன். வீட்டுக்காரர் மரியாதையாகச் சொன்னார்: மிஸ், நீங்க பென்சனோட போயிருவீங்க, நாங்க இந்த ஆபீசோடதான் இருக்கணும். நான் திரும்பி வந்துவிட்டேன்.

அந்த மாரியில் களப்பு ஏறியது. நான் போனபோது இடுப்புக்குக் கீழே தண்ணீர். சரஸ்வதி அக்காவின் வயலில் இலை நுனிகள் வெளியே அசைந்துகொண்டிருந்தன. பக்கத்து வயலில் வெறும் தண்ணீர், அதில் கொக்குகள். வயல் என்று சொன்னால் நம்ப முடியாது. முகத்துவாரம் வெட்டித் தண்ணீர் இறங்கிய பிறகு அங்கே அழுகிய வாடைதான் மிஞ்சியது. பயந்து உத்தரவுக்குப் பணிந்த அந்த மனுசருக்கு உர உதவி ஒழுங்காக வந்து சேர்ந்தது. போடுவதற்குப் பயிர்தான் இல்லை.

எனக்கு வந்தது விசாரணை. உத்தரவை மீறியது, தடுத்த இனத்தை ஊக்குவித்தது. ஓய்வுக்குச் சற்று முன்னால், காற்றாடி சுற்றுகிற ஒரு அறையில் மூன்று அதிகாரிகள் இருந்தார்கள். பெரியவரும் ஒரு பக்கத்தில் இருந்தார். நடந்ததைச் சொன்னேன். குளத்து வயலையும் சொன்னேன், களப்பு வயலையும் சொன்னேன். தலைமை தாங்கியவர் நல்ல மனுசராகத்தான் தெரிந்தார். களைத்துப்போயிருந்தார். மிஸ், நீங்கள் ஒருமுறை நெட்டை வேண்டாம் என்கிறீர்கள், ஒருமுறை நெட்டை வேண்டும் என்கிறீர்கள், கடைசியாக எதுதான் நல்லது என்பதை ஒரே சொல்லில் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன் என்றார்.

“ஒரே சொல்லில சொல்லக்கூடியதா இருந்தா, சேர், எனக்கு இவ்வளவு வருசம் சம்பளம் தந்திருக்கத் தேவையில்ல. ஒரு பலகையில எழுதி ரோட்டோரம் நட்டு வச்சிருக்கலாம்.”

அவர் எழுதவில்லை. பேனையை மூடி வைத்தார். எனக்குக் கடுமையான எச்சரிக்கை கொடுப்பதாக முடிவாயிற்று. வேண்டுமென்றால் மேன்முறையீடு செய்யலாம் என்றும் சொன்னார்கள். நான் செய்யவில்லை.

அங்கிருந்து நேரே பஸ் ஏறி உடப்புக்குப் போனேன். வீட்டுக்குப் போயிருந்தால் யாரிடமாவது எரிந்து விழுந்திருப்பேன். சரஸ்வதி அக்காவின் வயலில் அறுவடை நடந்துகொண்டிருந்தது. நிலம் இன்னும் ஈரம், மெசின் இறங்காது, அரிவாளால் அறுத்தார்கள். உத்தரவுக்குப் பணிந்த பக்கத்து வயல்காரரும் குடும்பத்தோடு வந்து கூலிக்கு அறுத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அவர் நிமிர்ந்து தலையசைத்துவிட்டு மறுபடியும் குனிந்துகொண்டார். அவரோடு நான் என்ன கதைப்பது?

அக்கா அரிவாளும் கையுமாக வந்து தண்ணீர் தந்தார். விசாரணை என்ன ஆயிற்று என்று கேட்டார். சொன்னேன். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் விளங்காத ஒன்றைக் கேட்கிற மாதிரித்தான் கேட்டார்.

“அந்த மூணு பேரும் இந்த வயலப் பாத்தவங்களா மிஸ்?”

“இல்ல அக்கா.”

“பக்கத்து வயல?”

“இல்ல.”

“அப்ப எதப் பாத்து விசாரிச்சவங்க?”

நான் தண்ணீரைக் குடித்தேன். சப்பாத்தைக் கழற்றி வரம்பில் வைத்துவிட்டு, அவர் கையிலிருந்த அரிவாளை வாங்கிக்கொண்டு இறங்கினேன்.